சந்தேகத்துக்குச் சம்பளம்: ஸ்டில்வாட்டர் 'நல்ல அண்டை வீட்டார்' ஒப்பந்தம், ஒரு நிகழ்வு ஆய்வு

சுரங்கத்துக்குள் பாறையில் துளை போட்டு வெடிமருந்து திணிக்கும்போது கொஞ்சம் கீழே சிந்தும். குண்டூசித் தலையைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை உருண்டைகள். அம்மோனியம் நைட்ரேட்டில் டீசல் எண்ணெயை ஊறவைத்த சரக்கு அது. உலகத்தில் பெரும்பாலான சுரங்கங்கள் இதைத்தான் நம்பியிருக்கின்றன. மலிவு, கையாள எளிது. ஒரே ஒரு குணம்தான் தொல்லை: தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். சிந்திய உருண்டை ஈரத்தரையில் கரைகிறது. வெடிக்காமல் பாறை இடுக்கில் தங்கியதும் கரைகிறது. அந்தத் தண்ணீரைப் பம்ப் வைத்து மேலே இறைத்தாக வேண்டும், இல்லையென்றால் சுரங்கம் மூழ்கிவிடும். மேலே வந்த தண்ணீர் எங்கோ ஓரிடத்தில் மண்ணுக்குள் இறங்கி, கடைசியில் பள்ளத்தாக்கின் ஆற்றைப் போய்ச் சேருகிறது.

ஆற்றைப் பொறுத்தவரை நைட்ரேட் உரம். கூழாங்கற்களில் பாசி தடிக்கும். கல்லுக்கு அடியில் ஒட்டி வாழும் பூச்சிக் குஞ்சுகளில் நாசூக்கானவை விலகிப்போய், எதையும் தாங்கும் இனங்கள் பெருகும். அந்தப் பூச்சிகளைத் தின்று வாழும் டிரவுட் மீனுக்குச் சேதி அப்புறம்தான் போகும். குடிநீரில் நைட்ரேட்டுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி அரசு வைத்திருக்கும் வரம்பு, நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராம். நைட்ரேட் மிகுந்தால் கைக்குழந்தையின் ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது; அதை மனதில் வைத்துப் போட்ட வரம்பு அது. மலையோடையின் பூச்சிக்கு அதைவிட மிகக் குறைந்த அளவே போதும், அதன் உலகம் மாறிவிடும். ஆக, ஒரு சுரங்கம் சட்டத்தை ஒரு புள்ளிகூட மீறாமல் ஓர் ஆற்றின் முகத்தை மாற்ற முடியும்.

சட்டத்துக்கும் ஆற்றுக்கும் இடையில் இருக்கும் இந்த இடைவெளியைப் பற்றித்தான் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு சுரங்கக் கம்பெனியும் மூன்று மக்கள் அமைப்புகளும் உட்கார்ந்து பேசி, 2000-ஆம் ஆண்டு மே 8-ஆம் தேதி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 'குட் நெய்பர் அக்ரிமென்ட்' என்று பெயர். நல்ல அண்டை வீட்டார் ஒப்பந்தம். பெயரைக் கேட்டால் ஏதோ கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்ட சமாச்சாரம் போலத் தோன்றும். உள்ளே படித்தால் தெரியும், இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் துளியும் நம்பவில்லை என்று. அந்த அவநம்பிக்கையை அவர்கள் மறைக்காமல், அதற்கு ஒரு நிர்வாக அமைப்பும் வரவு செலவுக் கணக்கும் போட்டார்கள். இந்த ஒப்பந்தம் நிலைத்ததற்கு அதுவே காரணம் என்பது என் கணிப்பு.

மலையும் உலோகமும்

பில்லிங்ஸ் நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 135 கிலோமீட்டர் போனால் பேர்டூத் மலைத்தொடரின் அடிவாரத்தில் நை என்ற சின்னஞ்சிறு ஊர். அதையொட்டி ஸ்டில்வாட்டர் சுரங்கம். மலைக்குள் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் மெல்லிய தாதுப்படுகைக்கு ஜே-எம் ரீஃப் என்று பெயர். 1970-களில் அதைக் கண்டுபிடித்த ஜான்ஸ்-மான்வில் கம்பெனியின் பெயரெழுத்துகள்தான் அந்த ஜே-எம். பல்லேடியமும் பிளாட்டினமும் இதில் கிடைக்கின்றன; ஒரு பங்கு பிளாட்டினத்துக்கு மூன்று பங்குக்கும் மேல் பல்லேடியம். இந்த உலோகங்களுக்காகவே தோண்டும் சுரங்கம் அமெரிக்காவில் வேறு எங்கும் கிடையாது. 1986-இல் உற்பத்தி தொடங்கியது. மலையின் மறுபக்கம், பிக் டிம்பர் ஊருக்குத் தெற்கே, ஈஸ்ட் போல்டர் என்ற இரண்டாவது சுரங்கம் 2002-இல் உற்பத்திக்கு வந்தது.

பல்லேடியம் எதற்குப் போகிறது? பெரும்பங்கு, பெட்ரோல் வண்டிகளின் புகைக்குழாயில் மாட்டும் வினையூக்கிக்கு. நகரத்துக் காற்றைச் சுத்தப்படுத்த வேண்டுமானால் எங்கோ ஒரு மலையைக் குடைந்தாக வேண்டும். சூழலியல் பேசுகிறவர்களும் இதிலிருந்து தப்பிக்க முடியாது. பேச்சுவார்த்தையில் 'சுரங்கமே வேண்டாம்' என்ற நிலைப்பாடு ஒப்பந்தமாக உருவெடுக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். கம்பெனி பிறகு கொலம்பஸ் ஊரில் உள்ள தன் உருக்காலையிலேயே பழைய வண்டிகளின் வினையூக்கிகளை உருக்கி உலோகத்தை மீட்கும் தொழிலையும் பெரிதாக வளர்த்தது.

எதிர்த்தரப்பில் இருந்தவர்கள் யார் என்பது முக்கியம். 'சுற்றுச்சூழல் ஆர்வலர்' என்றதும் நகரத்து அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்தால் கதை பிடிபடாது. நார்தர்ன் பிளெயின்ஸ் ரிசோர்ஸ் கவுன்சில் 1972-இல் கால்நடைப் பண்ணைக்காரர்கள் தொடங்கியது. மேய்ச்சல் நிலத்தைக் கிழித்து நிலக்கரி எடுக்க வந்தவர்களை எதிர்த்துப் பிறந்த அமைப்பு. அதனோடு இணைந்த உள்ளூர் அமைப்புகள் இரண்டு: நை பக்கத்தில் ஸ்டில்வாட்டர் புரொடெக்டிவ் அசோசியேஷன், பிக் டிம்பர் பக்கத்தில் காட்டன்வுட் ரிசோர்ஸ் கவுன்சில். இவர்களுக்கு ஆறு என்பது கொள்கை விஷயமல்ல. மாடு குடிக்கும் தண்ணீர், வயலுக்குப் பாயும் தண்ணீர், கிணற்றில் ஊறும் தண்ணீர். சிலருடைய வீட்டில் யாராவது ஒருவர் சுரங்கத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டும் இருந்திருப்பார். அந்த மாதிரி ஊர்களில் அதுதான் வழக்கம்.

சண்டை இருந்ததால்தான் பேச்சு

ஒப்பந்தத்தைப் பாராட்டி எழுதுகிறவர்கள் பலர், 'இரு தரப்பும் மோதலைக் கைவிட்டு நல்லெண்ணத்தோடு மேசைக்கு வந்தன' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மேசைக்கு இழுத்து வந்தது பயம். அந்தப் பயத்தை உண்டாக்கிய சூழல் 1990-களின் மொன்டானா.

பியூட் நகரத்தில் பெர்க்லி பிட் என்ற பழைய செப்புக் குழியில் 1982-இல் பம்புகளை நிறுத்தினார்கள். குழி அமிலத் தண்ணீரால் நிறையத் தொடங்கியது. 1995-இல் அதில் இறங்கிய பனி வாத்துகள் நூற்றுக்கணக்கில் செத்து மிதந்தன. அடுத்த ஆண்டு, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு வடகிழக்கில் இதே பேர்டூத் மலையில் திட்டமிட்ட நியூ வேர்ல்டு தங்கச் சுரங்கத்தைத் தடுக்க, கிளின்டன் அரசு 6.5 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 1998 ஜனவரியில் சோர்ட்மன்-லேண்டஸ்கி தங்கச் சுரங்கங்களை நடத்திய பெகாசஸ் கோல்டு திவாலானது. சுரங்கத்தை மூடும் செலவுக்கென்று கம்பெனி முன்கூட்டியே கட்டியிருந்த பிணைத்தொகை தண்ணீரைச் சுத்திகரிக்கப் போதவில்லை, பாரம் மக்கள் வரிப்பணத்தின் தலையில் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் மொன்டானா வாக்காளர்கள், திறந்தவெளிக் குவியல்களில் சயனைடு ஊற்றித் தங்கம் எடுக்கும் புதிய சுரங்கங்களுக்கு வாக்கெடுப்பு மூலம் தடை போட்டார்கள். சுரங்கமே அடையாளமாக இருந்த மாநிலம் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி அடி நீதிமன்றத்திலிருந்து வந்தது. மொன்டானாவின் 1972 அரசியலமைப்பு 'தூய்மையான, நலமான சுற்றுச்சூழல்' குடிமக்களின் உரிமை என்கிறது. பல ஆண்டுகள் அது அலங்கார வரி போலத்தான் இருந்தது. 1999-இல் மாநில உச்ச நீதிமன்றம், வேறொரு தங்கச் சுரங்கத் திட்டத்தின் நீர் வெளியேற்றம் பற்றிய வழக்கில், அது அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. அதுவரை 'அனுமதி வாங்கிவிட்டோம், முடிந்தது' என்றிருந்த கம்பெனிகளுக்கு, அனுமதிப் பத்திரம் கையில் இருந்தும் காலுக்குக் கீழே தரை ஆடியது.

ஸ்டில்வாட்டர் கம்பெனிக்கு அப்போது விரிவாக்கம் தலைபோகிற அவசரம். பல்லேடியம் விலை ஏறிக்கொண்டிருந்தது. 2001 தொடக்கத்தில் அவுன்ஸ் 1,000 டாலரைத் தாண்டியது. மக்கள் அமைப்புகள் கையில் வழக்கு என்ற ஆயுதம் இருந்தது. ஆனால் வழக்கில் ஜெயித்தாலும் கிடைப்பது தாமதம் மட்டும்தான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். நீதிபதி அனுமதியை ரத்து செய்யலாம், சுரங்க வேலைக்குப் போகிறவர்களைத் தனித்தனி வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் போகச் சொல்ல மாட்டார். கம்பெனிக்கு நாள் கணக்கு, இவர்களுக்கு ஆற்றுக் கணக்கு. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுத முடியுமா என்று பார்த்தார்கள்.

காகிதத்தில் இருப்பது

முதல் விஷயம், இது நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தம். கம்பெனியை நாளை வேறொருவர் வாங்கினாலும் அவரையும் கட்டுப்படுத்தும். தகராறு வந்தால் எந்தப் படியில் பேசுவது, எந்தப் படியில் நடுவரிடம் போவது என்று எழுதியிருக்கிறது. அறிக்கை, பிரகடனம், புரிந்துணர்வுக் குறிப்பு என்று எத்தனையோ பெயரில் காகிதங்கள் வருகின்றன. மீறினால் என்ன நடக்கும் என்ற வரி அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை.

அடுத்தது தண்ணீர். மாநில வரம்பைத் தொடும் வரை காத்திருக்காமல், அதற்கு வெகு கீழேயே எச்சரிக்கை அளவுகளைப் படிப்படியாக வைத்தார்கள். முதல் படியைத் தொட்டால் ஏன் என்று ஆராய வேண்டும். அடுத்த படியில் திருத்த நடவடிக்கை. அதற்கும் மேலே போனால் இன்னும் கடுமையான வேலை. காய்ச்சல் 104 டிகிரி ஏறிய பிறகு மருத்துவமனைக்கு ஓடுவதற்கும், உடம்பு லேசாகச் சுடும்போதே தெர்மாமீட்டர் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஆற்றின் வேதியியலோடு அதன் உயிர்களையும் கணக்கெடுக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். எனக்கு இந்த ஒப்பந்தத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. பாட்டிலில் பிடித்த தண்ணீர் அந்த நிமிடத்தின் கதையைத்தான் சொல்லும். நேற்று ராத்திரி என்ன வந்து போனது என்று அதற்குத் தெரியாது. கல்லைப் புரட்டிப் பார்க்கிறவர் வேறு கதை படிக்கிறார். மலையோடையில் இடுப்பளவு ரப்பர் உடுப்போடு இறங்கி, ஓட்டத்துக்குக் குறுக்கே சன்னமான வலையை ஊன்றி, அதற்கு மேலே இருக்கும் கற்களைக் கையால் தேய்த்துக் கலக்குவார்கள். பிடிமானம் விட்டவை வலைக்குள் வரும். மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ்ஃபிளை என்ற மூன்று வகைக் குஞ்சுகள் எத்தனை இனம், எத்தனை எண்ணிக்கை என்று பார்ப்பதுதான் கணக்கு. மாதக்கணக்கில் அதே கல்லில் வாழ்ந்த உயிர்கள் அவை. அவற்றில் நாசூக்கான இனம் இந்த ஆண்டு வலையில் சிக்கவில்லை என்றால், ஆய்வகச் சீட்டு சுத்தம் என்று சொன்னாலும் சந்தேகப்பட வேண்டும்.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தொழிலாளர்கள் தனித்தனி வண்டியில் வராமல் பஸ்ஸிலும் வேனிலும் வர ஏற்பாடு. குறுகலான பள்ளத்தாக்குச் சாலையில் அது சின்ன விஷயமல்ல. கம்பெனி வாங்கிப் போட்டிருக்கும் பண்ணை நிலத்தைக் குடியிருப்பு மனைகளாகப் பிரிக்காமல் இருக்க, 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு நிரந்தரப் பாதுகாப்புப் பத்திரம். சுரங்கம் மூடும்போது ஆகும் செலவுக்குக் கட்டிய பிணைத்தொகை போதுமா என்று வெளியாள் வைத்துச் சரிபார்ப்பது. இரண்டு சுரங்கங்களுக்கும் தனித்தனிக் கண்காணிப்புக் குழு; அதில் கம்பெனிக்கும் மக்களுக்கும் சம எண்ணிக்கையில் இடம்.

நிபுணர் யாருடைய ஆள்?

ஒப்பந்தத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. மக்கள் அமைப்புகளுக்கு உதவ நீரியல், பொறியியல், உயிரியல் நிபுணர்கள் வேண்டும். அவர்களுடைய கட்டணம் பண்ணைக்காரர்களால் தாங்கக்கூடியது அல்ல. ஆகவே பணம் கம்பெனி கொடுக்கும். ஆனால் யாரை அமர்த்துவது என்பதை மக்கள் அமைப்புகள் முடிவு செய்யும்.

கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. உலகச் சுரங்கத் தொழிலின் பெரும்பாலான தணிக்கைகள் நடக்கும் முறையோடு ஒப்பிட்டால்தான் இதன் எடை தெரியும். வழக்கமாகக் கம்பெனியே ஆளைத் தேடும், கம்பெனியே பணம் கொடுக்கும், அறிக்கை கம்பெனிக்கே போகும். அடுத்த ஆண்டும் வேலை வேண்டும் என்பது அந்த நிபுணரின் மனதில் ஓரமாக உட்கார்ந்திருக்கும். வேலிக்கு ஓணான் சாட்சி என்பது இதைத்தான். பிரேசிலின் புருமாடினோவில் வாலே கம்பெனியின் கழிவுச்சேற்று அணை 2019 ஜனவரி 25 அன்று உடைந்து 270 பேரைப் பலிகொண்டது. அந்த அணை உறுதியாக இருக்கிறது என்று, கம்பெனி அமர்த்திய ஆலோசனை நிறுவனம் சில மாதங்களுக்கு முன்புதான் சான்று கொடுத்திருந்தது. அறிவியல் இருந்தது, கருவிகள் இருந்தன, கையெழுத்தும் இருந்தது. 'இது சரியில்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த ஆண்டும் வேலையில் இருக்கக்கூடிய ஆள் இல்லை.

ஸ்டில்வாட்டரில் நிபுணருக்குச் சம்பளம் வருகிற கையும், அவரை வேலைக்கு வைக்கிற கையும் வேறு வேறு. கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் கம்பெனிப் பொறியாளர் ஒரு வரைபடத்தைக் காட்டினால், எதிரில் இருக்கும் பண்ணைக்காரர் வெறுமனே முகம் பார்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீரியலாளர், 'இந்தக் கிணற்றின் மூன்றாண்டு அளவுகளையும் காட்டுங்கள்' என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும்.

கம்பெனிக்கு இதில் என்ன லாபம்? முதலில் கசப்பாகத்தான் இருந்திருக்கும். போகப்போக ஒன்று புரியும்: எதிர்த்தரப்பு நிபுணர் ஒப்புக்கொண்ட ஒரு நீர் மேலாண்மைத் திட்டத்தை எடுத்துக்கொண்டு மாநில அலுவலகத்துக்குப் போவதும், யாரும் பார்க்காத திட்டத்தோடு போவதும் ஒன்றல்ல. அனுமதி தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் காசு. நிபுணர் கட்டணம் அதற்கு முன் தூசு.

நைட்ரேட்டோடு மல்லுக்கட்டு

வெள்ளை உருண்டைக்குத் திரும்புவோம். நைட்ரேட்டைத் தண்ணீரிலிருந்து எடுக்க வடிகட்டியில் பிடிக்க முடியாது, அது உப்புபோல் கரைந்து கிடப்பது. கையாளும் வழி பாக்டீரியா. காற்றில்லாத தொட்டியில் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைச் 'சுவாசித்து', அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டுவிடும். அவற்றுக்குத் தீனியாக மெத்தனால் போன்ற கார்பன் சரக்கு போட வேண்டும். பாக்டீரியாவுக்குச் சூடு பிடிக்கும். மலைத் தண்ணீரோ பனிக்குளிர். குளிர்ந்தால் மந்தமாகிவிடும். தொட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளை மிதக்கவிட்டு அவற்றின் மேல் பாக்டீரியாப் படலம் வளரச் செய்தால் இடமும் மிச்சம், குளிரிலும் வேலை நடக்கும். இது தவிர, சுத்திகரித்த நீரைப் புல்வெளிகளில் தெளித்து, மிச்ச நைட்ரஜனைச் செடி உறிஞ்சிக்கொள்ளும்படியும் செய்தார்கள்.

தொட்டியை விடப் பெரிய வேலை தொட்டிக்கு முன்னால் இருக்கிறது. சிந்தாமல் திணிப்பது, தண்ணீரில் சட்டென்று கரையாத பசை வடிவ வெடிமருந்துக்கு மாறுவது, வெடிக்காமல் மிஞ்சுவதைக் குறைக்கும்படி துளைகளை அமைப்பது. இவையெல்லாம் சுரங்கத்தின் உள்ளே, ஷிப்டு மேற்பார்வையாளரின் கையில் இருப்பவை. வெளியிலிருந்து எந்த அரசு ஆய்வாளரும் இதைப் பிடித்துக் கேட்க முடியாது. ஆனால் எச்சரிக்கை அளவு தாழ்வாக இருந்தால், அதைத் தொடாமல் இருக்க வேண்டிய தலைவலி கம்பெனிக்குள்ளேயே மேலிருந்து கீழே இறங்கும். கடைசியில் அது வெடிமருந்து திணிப்பவரின் கைக்கு வரும்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இங்கே பாறை ஒத்துழைத்தது. ஸ்டில்வாட்டர் பாறையில் கந்தகம் குறைவு. பெர்க்லி பிட்டில் நடந்ததுபோல் காற்றும் தண்ணீரும் பட்டு அமிலம் ஊறும் ஆபத்து பெரிதாக இல்லை. தாது செறிவானது, நிலத்தடிச் சுரங்கம், அரைத்த கழிவில் ஒரு பகுதி திரும்பச் சுரங்கக் குடைவுகளுக்குள்ளேயே அடைக்கப்படுகிறது. மலையையே பெயர்த்தெடுக்கும் திறந்தவெளிச் செப்புச் சுரங்கத்திலோ, பழங்குடியினரை ஊரோடு எழுப்பிவிட்டுத் தோண்டும் இடத்திலோ இதே காகிதத்தை நகலெடுத்து ஒட்டினால் ஒட்டாது.

கையெழுத்து மட்டும் போதுமா?

ஒப்பிட்டுப் பார்க்க அண்டை நாட்டிலேயே ஒன்று இருக்கிறது. கனடாவில் 1992-இல் சுரங்கத் தொழில் சங்கம் ஒயிட்ஹார்ஸ் சுரங்க முன்முயற்சி என்று ஒரு பெரிய பேச்சுவார்த்தையைத் தொடங்கியது. கம்பெனிகள், மத்திய, மாகாண அரசுகள், தொழிற்சங்கங்கள், பூர்வகுடி அமைப்புகள், சூழலியல் அமைப்புகள் என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். 1994-இல் உடன்பாடு கையெழுத்தானது. கொள்கைகளும் குறிக்கோள்களும் நிறைய, மொழியும் அழகு. யார், எப்போது, எந்தப் பணத்தில், செய்யாவிட்டால் என்ன என்ற கேள்விகளுக்கு மட்டும் அதில் பிடிமானம் இல்லை. ஒரு தொழில் முழுக்கவும் எதிரிகளோடு ஒரே அறையில் இருக்க முடியும் என்று காட்டியதில் அதற்கு மதிப்பு உண்டு. சூழலியல் தரப்பில் ஏமாற்றம் மிஞ்சியது.

ஒயிட்ஹார்ஸில் ஒரு நாட்டையே ஒரு மேசைக்குள் அடக்கப் பார்த்தார்கள். ஸ்டில்வாட்டரில் எடுத்துக்கொண்டது இரண்டு ஆறு, இரண்டு சுரங்கம், ஒரு சாலை. நான் இரண்டாவதன் பக்கம். ஆனால் சின்ன அளவில் வேலை செய்வதைப் பெரிதாக்க முடியாதா என்ற கேள்வி நியாயமானது. 2006-இல் தொடங்கிய ஐ.ஆர்.எம்.ஏ. எனும் பொறுப்பான சுரங்க உறுதி முன்முயற்சி அந்தத் திசையில் ஒரு முயல்வு. கம்பெனி, உலோகம் வாங்குவோர், முதலீட்டாளர், தொண்டு அமைப்பு, தொழிற்சங்கம், பாதிக்கப்படும் மக்கள் ஆகிய தரப்புகளுக்குச் சம வாக்கு கொடுத்து, 2018-இல் ஒரு தணிக்கைத் தரத்தை வெளியிட்டது. சந்தேகப்படுகிறவருக்கும் நாற்காலி போட வேண்டும் என்ற அதே எண்ணம்தான் அதிலும் இருக்கிறது.

முதலாளி மாறியபோது

ஒப்பந்தத்தின் உறுதி நல்ல காலத்தில் தெரியாது. 2003-இல் ரஷ்யாவின் நோரில்ஸ்க் நிக்கல், கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. விலையின் ஒரு பகுதியைப் பல்லேடியமாகவே கொடுத்தது. சைபீரியாவில் கந்தகப் புகைக்குப் பேர்போன கம்பெனி அது. மொன்டானாப் பள்ளத்தாக்கில் எத்தனை பேருக்கு அன்று தூக்கம் கெட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். 2010-இல் அது விலகியது. 2017-இல் தென்னாப்பிரிக்காவின் சிபான்யே, 220 கோடி டாலருக்கு முழுக் கம்பெனியையும் வாங்கித் தன் பெயரையே சிபான்யே-ஸ்டில்வாட்டர் என்று மாற்றிக்கொண்டது. சுரங்கத்தோடு ஒப்பந்தமும் புது முதலாளியின் கைக்குப் போனது. 'வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தும்' என்று 2000-இல் எழுதிய அந்த வரி இல்லாவிட்டால், எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டியிருந்திருக்கும்.

2022 ஜூனில் யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் வரலாறு காணாத வெள்ளம். ஸ்டில்வாட்டர் ஆறும் கரை உடைத்து, சுரங்கத்துக்குப் போகும் சாலையை அரித்துக்கொண்டு போனது. அங்கே உற்பத்தி வாரக்கணக்கில் நின்றது. அதற்குப் பின் விலை சரிந்தது. 2022 மார்ச்சில் அவுன்ஸ் 3,000 டாலரைத் தாண்டிய பல்லேடியம் 2024-இல் 1,000 டாலருக்குக் கீழே வந்தது. மின்சார வண்டிக்குப் புகைக்குழாய் இல்லை, வினையூக்கியும் தேவையில்லை என்ற நினைப்பும் சந்தையை உலுக்கியது. 2024 செப்டம்பரில் மொன்டானாவில் ஏறத்தாழ 700 பேருக்கு வேலை போகும் என்று கம்பெனி அறிவித்தது. சுற்றுச்சூழல் செலவைத்தான் கம்பெனிகள் முதலில் வெட்டும். அந்தச் செலவு ஒப்பந்தக் கடனாக எழுதப்பட்டிருந்தால் கத்தி வைப்பது கடினம். தன்னார்வ வாக்குறுதியாக இருந்திருந்தால் எளிது.

இடிக்கும் இடங்கள்

இதைக் குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் பொருள் உண்டு. அரசு செய்ய வேண்டிய கண்காணிப்பை அண்டை வீட்டாரும் கம்பெனியும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்ளலாமா? பக்கத்து மாவட்டத்தில் சட்டம் தெரிந்த, நேரம் இருக்கிற, நிலம் சொந்தமாக இருக்கிற ஆட்கள் இல்லையென்றால் அந்த ஆற்றுக்கு வாய்ப்பே இல்லையா? கம்பெனி இந்த ஒப்பந்தத்தைக் காட்டித் தன் உலோகத்துக்கு நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறது என்பதும் உண்மை. என் பதில் அரைகுறையானது: அரசின் வரம்பு தரை, ஒப்பந்தம் அதற்கு மேல் கட்டிய மாடி. தரையே இல்லாத இடத்தில் மாடி கட்ட முடியாது. மொன்டானாவில் அரசியலமைப்பு, நீதிமன்றம், பிணைத்தொகைச் சட்டம் என்று தரை இருந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. 1868 உடன்படிக்கைப்படி இந்தப் பள்ளத்தாக்குகள் க்ரோ மக்களின் நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் அவர்களுடைய எல்லை கிழக்கே சுருக்கப்பட்டது. 2000-இல் 'அண்டை வீட்டார்' என்று கையெழுத்திட்டவர்களில் அவர்கள் இல்லை. அண்டை வீட்டார் யார் என்பதை இன்றைய பட்டாவை வைத்து முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும்.

இன்னொரு சங்கடம் மனித ஆயுள் சம்பந்தப்பட்டது. கண்காணிப்புக் குழுவில் மக்கள் பக்கத்து நாற்காலிகளில் இருப்பவர்கள் தன்னார்வலர்கள். பண்ணை வேலையை முடித்துவிட்டு, நூற்றுக்கணக்கான பக்க நீரியல் அறிக்கையைப் படித்துவிட்டு வந்து உட்கார வேண்டும். கம்பெனிப் பக்கம் வருகிறவருக்கு அது சம்பள நேரம். 2000-இல் நாற்பது வயதில் கையெழுத்துப் போட்டவர் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார். நிபுணருக்குப் பணம் ஒதுக்கிய ஒப்பந்தம், அந்த நிபுணர் சொல்வதைக் கேட்டுக் குறுக்குக் கேள்வி போடத் தெரிந்த அடுத்த தலைமுறை ஆளை உருவாக்கித் தராது. அதை ஊர்தான் செய்துகொள்ள வேண்டும்.

வேலை குறைந்து பஸ்கள் குறையும். ஒருநாள் கடைசி வெடியும் வெடித்து ஓயும். சுரங்கத்துக்கு வெளியே குவித்து வைத்த கழிவுப்பாறையின் இடுக்குகளில் தங்கிய நைட்ரேட், ஒவ்வொரு வசந்தத்திலும் பனி உருகும்போது கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருக்கும். அப்போதும் யாராவது ஒருவர் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி, வலையை ஊன்றி, கல்லைத் தேய்க்க வேண்டியிருக்கும்.